தத்துப் பிள்ளையும் நம் சட்டமும்

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன், நாம் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கணவனும் மனைவியுமாக இருவர் நம் அறைக்கு வந்தனர். மணமாகிப் பதினோராண்டுகள் மகப்பேறின்றி வருந்தியவர்கள் அவர்கள். அன்றோ அம்மனைவியின் கரங்களில், பிறந்து ஒரு மாதமே ஆன பெண் குழந்தை ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது. கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து மருத்துவச்சி ஒருத்தி கொண்டுவந்து கொடுத்தாள் என்றும், பெற்றவள் வறுமையினால் வளர்க்க இயலாதவள் என்றும் கூறினர். ஞானஸ்நானப் பதிவேட்டை விரித்துப் பெற்றோரின் பெயரைக் கேட்டோம். "எங்கள் பெயரையே எழுதிவிடுங்கள், சாமி. இனி இவள் எங்கள் பிள்ளைதானே!" என்றார் கணவர். அவருடைய கண்ணீரைக் கண்ட நாம் மறுமொழி கூறாமல் அவ்வாறே எழுதிவிட்டோம்.

அன்று அதனை அன்புச் செயல் என்றே எண்ணினோம். அம்மகள் வளர்ந்து பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டில் வளர்த்த தந்தை மாரடைப்பால் திடீரெனக் காலமானார். உயில் எழுதி வைக்கவில்லை. துக்க நாள்கள் கழியுமுன்னரே அவருடைய உடன்பிறந்தார் வந்து, "அண்ணனுக்குப் பிள்ளை இல்லை, எங்கள் பங்கைத் தாருங்கள்" என்றனர். கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்துவது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் இறந்தவருக்கு வழித்தோன்றல் இல்லையெனில், சொத்தில் பாதி மனைவிக்கும், மறுபாதி இரத்த உறவினருக்கும் உரியதென்பது அச்சட்டத்தின் விதி. பெரியோர் கூடிப் பேசியபோது, "இவள் அவர்கள் பெற்ற பிள்ளை என்று மனச்சான்றின்படி கூறுவீர்களா, சாமி?" என்று நம்மைக் கேட்டனர். நாம் தலைகுனிந்து நின்றோம். நிலத்தில் பாதி கைமாறிப் போயிற்று. அன்று மாலை அப்பெண் நம்மிடம் வந்து, "என் பெயர் கோயில் நோட்டில் இருக்கிறதே, சாமி, அது போதாதா?" என்று கேட்டாள்.

போதாது என்பதை, அவள் பெற்றோர் அவளைத் தூக்கிவந்த அன்றே நாம் கூறியிருக்க வேண்டும். கூறத் தவறினோம். மற்றொரு குடும்பத்திற்கு அந்நிலை நேரலாகாது என்னும் கவலையினாலேயே, தத்தெடுப்புப் பற்றி நம் நாட்டுச் சட்டம் கூறுவதை இங்கே தொகுத்து உரைக்க முற்படுகின்றோம்.

அடைபட்டிருந்த வாயில்

1956ஆம் ஆண்டில் நிறைவேறிய இந்து சுவீகார மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இந்துக்களுக்கும், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கும் மட்டுமே தத்தெடுக்கும் உரிமையை வழங்கியது. கிறிஸ்தவர், இஸ்லாமியர், பார்சியர், யூதர் ஆகியோருக்கு அதில் இடமில்லை. நம்மவர் ஒரு குழந்தையை ஏற்க விரும்பினால் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தை அணுகி, 'காப்பாளர்' என்னும் பட்டத்தை மட்டுமே பெறலாம். பிள்ளை வயதுக்கு வந்ததும் அக்காப்புரிமை முடிந்துவிடும். அச்சட்டம் பிள்ளைக்குச் சொத்துரிமையையோ, 'மகன்', 'மகள்' என்னும் சட்டத் தகுதியையோ அளிக்கவில்லை.

இதில் மற்றொன்றும் கருதத்தக்கது. அதே 1956ஆம் ஆண்டுச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றிப் பழங்குடிப் பட்டியலிலுள்ள மக்களுக்கும் பொருந்தாது. ஆகவே கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரும், சமவெளியில் வாழும் கிறிஸ்தவராகிய நாமும் அச்சட்டத்திற்கு வெளியேதான் நின்றோம். குழந்தை பிறந்த மலைவீடும் அதனை ஏற்ற நம் வீடும் ஒருங்கே சட்டத்தின் நிழலுக்கு அப்பால் இருந்தன.

அனைத்துச் சமயத்தாருக்கும் பொதுவான தத்தெடுப்புச் சட்டம் வேண்டுமென 1972இலும் 1980இலும் நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன. சில சமயத்தாரின் எதிர்ப்பால் அவை சட்டமாகவில்லை.

வாயில் திறந்த வரலாறு

நாடாளுமன்றத்தில் கைகூடாதது வேறொரு வழியில் கைகூடிற்று. 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், ஆதரவற்ற குழந்தைகளுக்கு மறுவாழ்வளிக்கும் வழிகளுள் ஒன்றாகத் தத்தெடுப்பைச் சேர்த்தது. ஏற்பவரின் சமயம் யாதென அச்சட்டம் வினவவில்லை. 2006ஆம் ஆண்டின் திருத்தம் அதனை மேலும் தெளிவாக்கியது. ஆயினும், தம் சமயத் தனிச்சட்டம் இடந்தராத ஒருவர் இவ்வழியில் தத்தெடுக்கலாமா என்னும் ஐயம் நீடித்தது. சமூகப் பணியாளரான ஷப்னம் ஹாஷ்மி என்னும் அம்மையார் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2014 பிப்ரவரி 19 அன்று, தமிழகத்தைச் சேர்ந்த தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. எச்சமயத்தாரும், தாம் விரும்பினால், இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம். தனிச்சட்டம் அதற்குத் தடையாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இன்று நடைமுறையில் உள்ளது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம். தத்தெடுப்பு ஆணை வழங்கப்பட்ட நாள்முதல், அக்குழந்தை எல்லா வகையிலும் தத்தெடுத்த பெற்றோரின் குழந்தையாகும் என்று அதன் 63ஆம் பிரிவு கூறுகின்றது. உயிலின்றி இறந்தவரின் சொத்திலும் அதற்கு முழு வாரிசுரிமை உண்டு. நம் பதிவேட்டை நம்பியிருந்த அப்பெண்ணுக்குக் கிட்டாது போனது இதுவே.

முன்னர் இவ்வாணையை நீதிமன்றம் வழங்கிவந்தது. 2021ஆம் ஆண்டின் திருத்தம் 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், அப்பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு உரியதாயிற்று. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாகிவிட்டபடியால், நம் குடும்பங்கள் இதன்பொருட்டு விழுப்புரத்திற்கு அலைய வேண்டியதில்லை.

யார் தத்தெடுக்கலாம்?

உடல்நலமும் மனநலமும் உடையவராய், ஒரு பிள்ளையை வளர்க்கத்தக்க வருவாய் உள்ளவராய், குற்றத் தண்டனை பெறாதவராய் இருத்தல் வேண்டும். தம்பதியராயின் இருவரும் மனமொத்து இசைய வேண்டும். இரண்டாண்டுகளேனும் நிலையான இல்லறம் நடத்தியிருக்க வேண்டும். மணமாகாத பெண்ணோ கைம்பெண்ணோ ஆண் பெண் எக்குழந்தையையும் ஏற்கலாம். தனித்து வாழும் ஆடவர் பெண் குழந்தையை ஏற்க இயலாது. முன்னரே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள தம்பதியர், சிறப்புத் தேவையுடைய குழந்தைகளையும் எளிதில் இல்லம் கிடைக்காத குழந்தைகளையும் மட்டுமே ஏற்கலாம்.

வயதைப் பற்றிய விதியைப் பலர் அறியாதிருக்கின்றனர். கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டினால் வரும் தொகை, 2 வயது வரையுள்ள குழந்தையை ஏற்க 85க்கு மேற்படலாகாது. 2 முதல் 4 வயதுவரை 90, 4 முதல் 8 வயதுவரை 100, அதற்கு மேல் 18 வயதுவரை 110 என்பன வரம்புகள். எடுத்துக்காட்டாக, கணவருக்கு 45, மனைவிக்கு 41 எனில் கூட்டுத்தொகை 86. ஒரேயோர் ஆண்டின் மிகுதியால் அவர்கள் கைக்குழந்தையைப் பெறும் வாய்ப்பை இழப்பர். தனித்து வாழ்வோருக்கு இவ்வரம்புகள் முறையே 40, 45, 50, 55 வயது. எவ்வாறாயினும் குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே 25 ஆண்டுகளேனும் வயது வேறுபாடு இருத்தல் வேண்டும். "இன்னும் சிறிது காலம் பார்ப்போம்" என மருத்துவமனைகளையும் திருத்தலங்களையும் சுற்றிவரும் தம்பதியர் இதனைக் காலத்தே கருதுவாராக.

நடைமுறை

முற்காலத்தில் கன்னியர் இல்லத்திற்குச் சென்று, தலைமைச் சகோதரியிடம் கேட்டு, ஒரு குழந்தையைப் பெற்றுவரலாம் என்னும் எண்ணம் நம்மவரிடையே இருந்தது. அந்நினைவு இன்றும் சிலரிடம் நீங்கவில்லை. இப்போது எந்த இல்லமும் தானாகக் குழந்தையைத் தருதல் இயலாது. அன்னை தெரேசாவின் சபைக் கன்னியர்கள் 2015இல் புதிய நெறிமுறைகளை ஏற்க இயலாமல் தத்துப் பணியினின்றே விலகினர் என்பதை வாசகர் அறிந்திருக்கலாம். இன்று நாடு முழுமைக்கும் ஒரே வரிசைதான் உண்டு. அதனை நடத்துவது 'காரா' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய தத்து வள ஆணையம்.

முதலாவதாக, ஆணையத்தின் கணினித் தளத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு உதவ ஆட்சியரின்கீழ் இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு உண்டு. கணினி அறியாதோர் அதனை அணுகலாம். பிறப்பு, திருமணம், முகவரி, வருமானம் ஆகியவற்றுக்குரிய சான்றுகளையும் மருத்துவச் சான்றினையும் சேர்க்க வேண்டும்.

இரண்டாவதாக, சமூகப் பணியாளர் ஒருவர் இல்லம் தேடி வந்து குடும்ப நிலையை ஆய்ந்து அறிக்கை எழுதுவார். இதனைக் கண்டு அஞ்சுவோர் பலர். மாடிவீடு இருக்கின்றதா என்று பார்க்க அவர் வருவதில்லை. அக்குழந்தையை வீட்டிலுள்ள பெரியோர் உட்பட அனைவரும் மனமார ஏற்பார்களா என்பதே அவர் அறிய விரும்புவது. ஒரு முறை எழுதிய அறிக்கை மூன்றாண்டுகள் செல்லும்.

மூன்றாவது படி, காத்திருத்தல். கைக்குழந்தைக்காகக் காத்திருப்போர் மூன்றாண்டுகளுக்கும் மேல் காத்திருக்க நேர்கின்றது. 2024-25ஆம் ஆண்டில் நாடெங்கும் நிகழ்ந்த தத்தெடுப்புகள் 4,515. காத்திருக்கும் குடும்பங்களோ அதனினும் பன்மடங்கு. ஆனால் வயதில் சற்று வளர்ந்த குழந்தைகளையும், உடற்குறையோ நோயோ உள்ள குழந்தைகளையும் ஏற்க முன்வருவோருக்கு இத்துணைக் காலதாமதம் இல்லை. அத்தகைய குழந்தைகளே இல்லங்களில் ஆண்டுக்கணக்கில் வாயிலை நோக்கியபடி இருக்கின்றனர்.

முறை வந்ததும் குழந்தையின் படமும் விவரங்களும் மருத்துவ அறிக்கையும் அனுப்பப்படும். 48 மணி நேரத்திற்குள் இசைவைத் தெரிவித்தல் வேண்டும். பின்னர் நேரில் சென்று குழந்தையைக் கண்டு, ஏற்பதாகக் கையொப்பமிட்டு, வளர்ப்புப் பராமரிப்பாக இல்லத்திற்கு அழைத்து வரலாம். இறுதியாக, கோப்பு ஆட்சியரிடம் செல்லும். இரண்டு மாதங்களுக்குள் ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆணையைக் கொண்டு, தத்தெடுத்தோரின் பெயரைப் பெற்றோர் பெயராகத் தாங்கிய பிறப்புச் சான்றிதழ் பெறலாம். அதன்பின் இரண்டாண்டுகளுக்கு ஆறு மாதத்திற்கொருமுறை பணியாளர் வந்து நலம் விசாரித்துச் செல்வார்.

இவற்றுக்கெல்லாம் விதிகள் வகுத்த கட்டணம் உண்டு; அதற்கு இரசீதும் உண்டு. அதற்கு மேல் 'நன்கொடை' என்றோ 'அன்பளிப்பு' என்றோ எவரேனும் கேட்டால், அவ்விடம் நிற்கத்தக்க இடமன்று என்று அறிக.

உறவினர் பிள்ளை

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நிகழ்ந்ததை நம் மாவட்டத்தார் மறத்தற்கில்லை. மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. தந்தையை இழந்த பிள்ளைகள் பலர். இருபெற்றோரையும் இழந்தவர்களும் உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாய் வழங்கப்படும் எனத் தமிழக அரசு அறிவித்தது. அந்நாள்களில் இரக்கமுடைய குடும்பங்கள் சில நம்மிடம் வந்து, "அப்பிள்ளைகளில் ஒன்றை எங்களுக்கு வாங்கித் தாருங்கள், சாமி" என்றன.

அவர்களுக்கு நாம் கூறிய மறுமொழி இதுவே. பெற்றோரை இழந்த பிள்ளை எல்லாம் தத்துக்குரிய பிள்ளை ஆகிவிடாது. பாட்டியின் மடியில் இருக்கும் பிள்ளைக்குத் தேவை வேறொரு வீடன்று. பாட்டிக்கு ஓர் உதவிக்கரமே. குழந்தையைத் தாங்க உறவு எதுவும் இல்லை, அல்லது உறவினர் ஏற்கவில்லை என்று குழந்தைகள் நலக்குழு ஆய்ந்து அறிவித்தால்தான் பிறர் தத்தெடுக்க இயலும்.

ஆனால் உறவினரே தத்தெடுக்க விரும்பினால் சட்டம் தனிவழி வகுத்துள்ளது; அங்கும் சமயம் தடையன்று. 'உறவினர்' என்போர் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன், பெரியம்மா, சித்தி, இருவழித் தாத்தா பாட்டி ஆகியோர் மட்டுமே. ஒன்றுவிட்ட உறவுகள் இதில் அடங்கா. பெற்றோர் உயிருடனிருந்தால் அவர்கள் இசைவும், இல்லையெனில் நலக்குழுவின் அனுமதியும், ஐந்து வயதைக் கடந்த பிள்ளையாயின் அதன் இசைவும் வேண்டும். இதற்கும் ஆட்சியரின் ஆணை இன்றியமையாதது. தங்கை மகனைத் தம் மகனாக வளர்க்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனை! அவற்றுள் ஆணை பெற்றவை எத்தனை? இவ்வினாவை ஒவ்வொரு பங்கும் தன்னுள் எழுப்பிக்கொள்வது நன்று.

கைமாறி வரும் குழந்தை

இனி, மிகவும் வருத்தத்துடன் கூற வேண்டியதொன்று. 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில், ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவர் பல்லாண்டுகளாகக் குழந்தைகளை விற்றுவந்ததாகச் செய்தி வெளியாகி நாட்டையே உலுக்கியது. அண்மையிலுள்ள கொல்லிமலையின் ஏழைக் குடும்பங்களிலிருந்தும் குழந்தைகள் பெறப்பட்டதாக அவ்விசாரணையில் கூறப்பட்டது. கொல்லிமலைக்கும் கல்வராயன் மலைக்கும் வறுமையில் பெரிய வேறுபாடில்லை. வாங்கியோருள் பலர் தீயோர் அல்லர். பிள்ளை ஏக்கத்தால் கண் மறைந்தவர்கள்.

சட்டமோ ஏக்கத்தைப் பார்ப்பதில்லை. ஆதரவற்ற குழந்தையை முறையின்றிக் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் மூன்றாண்டுவரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கின்றது 80ஆம் பிரிவு. விலைக்கு விற்றாலும் வாங்கினாலும் ஐந்தாண்டுவரை கடுங்காவல் தண்டனை உண்டு. மருத்துவமனை ஊழியர் அதனைச் செய்தால் மூன்று முதல் ஏழாண்டு சிறை. தண்டனையினும் கொடியது மற்றொன்று: 'அம்மா' என்றழைக்கப் பழகிய குழந்தையை ஒருநாள் காவலர் வந்து தூக்கிச் செல்லும் காட்சி.

பெற்ற தாய்க்கும் இச்சட்டம் காவலாக நிற்கின்றது. வளர்க்க இயலாதவள் குழந்தைகள் நலக்குழுவின் முன் ஒப்படைக்கலாம். ஆனால் மறுசிந்தனைக்கு அவளுக்கு இரண்டு மாத அவகாசம் தரப்படுகின்றது. அதற்குள் அவள் திரும்பி வந்தால் குழந்தை அவளுடையதே. மருத்துவச்சியின் மடிவழியே கைமாறிய குழந்தையின் தாய்க்கு இந்த இரண்டு மாதம் யாரால் தரப்பட்டது? வறுமை ஒன்றே காரணமாயின், குழந்தையைப் பிரிக்காமல் தாயுடனே வைத்து மாதம் 4,000 ரூபாய் வழங்கும் அரசின் நிதி ஆதரவுத் திட்டமும் உண்டு. வெள்ளிமலையிலும் மலையடிவாரத்திலும் பணிபுரியும் உபதேசியார்களும் ஆசிரியர்களும் இதனை மலைமக்களுக்கு எடுத்துரைப்பது பேரறம்.

பெண் குழந்தை வேண்டாமென்போருக்காகத் தமிழக அரசு 1992இல் அண்டையிலுள்ள சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2011இல் அது அன்றைய விழுப்புரம் மாவட்டத்திற்கும் விரிவாக்கப்பட்டது. கைவிடப்பட்ட குழந்தையை எவர் கண்டாலும் 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். 1098 என்னும் எண்ணை அழைத்தால் போதும்.

முறையின்றிப் பெற்ற குழந்தையை முன்னரே வளர்த்து வருவோர் என்செய்வது? பிள்ளை 18 வயதை எட்டாதிருப்பின், நல்ல வழக்குரைஞர் ஒருவரின் துணையுடன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகி உண்மையைக் கூறுவதே நேரிய வழி. அது எளிய வழி என்று நாம் கூறவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டிருப்பின், இன்றே உயில் எழுதுவீர்களாக. கிறிஸ்தவர் தம் சொத்து முழுவதையும் தாம் விரும்புவோருக்கு உயில்வழி அளிக்கலாம். சாட்சிகள் இருவர் போதும். நாம் மேலே கூறிய தந்தை அதனைச் செய்திருந்தால், அவருடைய மகள் அன்று மாலை நம்மிடம் வந்திருக்கமாட்டாள்.

ஞானஸ்நானப் பதிவேடு

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளையைத் தத்தெடுத்தோரின் பிள்ளையாகவே கொள்கின்றது. அதன் 877ஆம் சட்டப்படி, பதிவேட்டில் தத்தெடுத்தோரின் பெயர் எழுதப்படும். தத்தினால் உண்டாகும் உறவு திருமணத் தடையாகவும் கொள்ளப்படுகின்றது. ஒரே இல்லத்தில் வளர்ந்த தத்துச் சகோதரனும் சகோதரியும் மணத்தல் செல்லாது. ஆகவே பெற்றோர் ஆட்சியரின் ஆணையைப் பங்குத்தந்தையிடம் காட்டுதல் முறை. பொய்யாக எழுதப்பட்ட ஒரு வரி, பின்னொரு நாள் பிள்ளையின் இரத்த உறவையே மறைத்துப் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடும்.

பெற்றோரும் பிள்ளையிடம் உண்மையை இளமையிலேயே, அன்புடன் கூறிவிடுதல் நன்று. 18 வயதானபின் தன் பிறப்பு விவரங்களைக் கேட்டு விண்ணப்பிக்கும் உரிமை அப்பிள்ளைக்கு உண்டு. அயலார் வாய்வழி அறிவதினும், வளர்த்த தாயின் வாய்வழி அறிவதே அதற்கு நலம்.

அன்பர்களே, நம் ஆண்டவரை வளர்த்த தந்தையாகிய சூசையப்பர், அரசனின் கட்டளைப்படி குடிக்கணக்கில் பெயர் பதிய நிறைமாதக் கன்னியுடன் பெத்லகேமுக்கு நடந்தார். மழலைச் செல்வம் வேண்டிக் காத்திருக்கும் குடும்பங்களும் ஆட்சியர் அலுவலகத்துப் படிகளை அவ்வாறே மனமுவந்து ஏறுவார்களாக. நம்மைக் கேள்வி கேட்ட அப்பெண் இன்று ஒரு செவிலி. வளர்த்த தாயைத் தன்னுடனே வைத்துக் காத்துவருகின்றாள். சட்டம் தராத உறவை அவளுடைய அன்பு காத்தது மெய்யே. ஆயினும் அந்த அரை நிலத்தின் வரப்பைக் கடக்கும்போதெல்லாம், அன்று நாம் எழுதிய வரி நம் நெஞ்சை உறுத்துகின்றது.